ஆமைக்கு எதற்கு ஜோடி?

ஆமை வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் கேட்கிறார்கள். லவ் பேர்ட்ஸ் வாங்கிய பழக்கம். ஒன்றை மட்டும் விட்டால் ஏங்கிப்போகும், பாவம் என்ற இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே அடைப்பில் ஆண்டு முழுக்க வைப்பது பெண்ணுக்குத் தண்டனை என்பதே என் கட்சி. நான் பேசுவது ஹெர்மன் ஆமையை வைத்து. தெற்கு ஐரோப்பாவில் ஸ்பெயின் தொடங்கி பால்கன் நாடுகள் வரை புதர்க்காடுகளில் வாழ்வது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வீட்டுத் தோட்டங்களில் உரிய சான்றிதழுடன் பரவலாக வளர்க்கப்படுவது. நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் நட்சத்திர ஆமை இந்தப் பேச்சுக்குள் வராது. அதை வீட்டில் வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் 2019-ல் ஏறிவிட்டது. அந்த ஆமையைப் பொறுத்தவரை ஆமையும் அமீனாவும் ஒரே நாளில் வீடு புகுவார்கள்.

ஆண் ஹெர்மன் ஆமை பெண்ணைவிடச் சிறியது. அதன் வால் நீளமாக, தடிப்பாக இருக்கும். வால் நுனியில் நகம்போலக் கெட்டியான ஒரு கொம்பு. பெண்ணின் முதுகில் வழுக்காமல் ஏற வசதியாக அடி ஓடு குழிந்திருக்கும். குளிர்கால உறக்கம் கலைந்து, சில நாள் வெயில் காய்ந்ததுமே ஆண் வேலையைத் தொடங்கிவிடும். பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும், வழி மறிக்கும், கால்களைக் கடிக்கும், ஓட்டால் ஓட்டை இடிக்கும். பெண் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றதும் பின்னாலிருந்து ஏறும். அப்போது வாயைத் திறந்து கீச்சென்று ஒரு சத்தம். ஆமைக்குக் குரல் உண்டு என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுப்பார்கள். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது பெண்ணின் பின்தொடையையும் வாலின் அடிப்பக்கத்தையும்தான். செதில் உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் தெரிகிறதா, கழிவுத் துவாரத்தைச் சுற்றி வீங்கியிருக்கிறதா? அந்தக் கொம்பு குத்திக் குத்தித்தான் அந்தப் புண் வருகிறது. வெயில் காலத்தில் அதில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் ஆமை பிழைப்பது கடினம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் இதைவிடப் பெரியது. பல மாதம் பட்டினி கிடந்து எழுந்த பெண், தின்று தேறி முட்டைக்குச் சத்துச் சேர்க்க வேண்டிய வாரங்கள் அவை. அந்த வாரங்களை அது மண்ணுக்குள் புதைந்தும் புதருக்கடியில் ஒடுங்கியும் கழிக்கிறது.

காட்டில் ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில்தானே வாழ்கின்றன என்று கேட்கலாம். வாழ்கின்றன. ஆனால் அங்கே ஓர் ஆமை நடமாடும் பரப்பு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர், சில இடங்களில் அதற்கும் மேல். ஆணும் பெண்ணும் சந்திப்பது கொஞ்ச நேரம். பிடிக்காவிட்டால் பெண் முட்புதருக்குள் நுழைந்து போய்விடும், ஆணும் தன் வழியே போகும். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் அடைப்பில் அந்தப் ‘போய்விடுதல்’ கிடையாது. திரும்பும் பக்கமெல்லாம் அதே ஆண். பெண்ணுக்கு விலகிப் போக வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர் கட்டாத ஓர் அடைப்பே சாட்சி: வடக்கு மாசிடோனியாவில் பிரெஸ்பா ஏரிக்குள் இருக்கும் கோலெம் கிராட் தீவு. சுற்றிலும் செங்குத்துப் பாறை, மேலே சிறிய சமதளம், அதில் நெருக்கமாக ஹெர்மன் ஆமைகள். அவற்றில் பெண்ணைவிட ஆண் பல மடங்கு அதிகம். பல ஆண்டுகளாக அங்கே ஆய்வு செய்கிறவர்கள் பதிவு செய்திருப்பது: பெண்கள் மெலிந்து காயப்பட்டிருக்கின்றன, ஆண்களின் துரத்தலில் பாறை விளிம்பிலிருந்து விழுந்தும் சாகின்றன. அதே ஏரிக்கரையின் நிலப்பகுதியில் வாழும் பெண்களுக்கு இந்தக் கதி இல்லை. ஆமை அதே ஆமை, இடம்தான் வேறு. ஆகவே இயற்கையைக் காட்டி ஜோடி வளர்ப்பை நியாயப்படுத்துகிறவர்கள், தங்கள் அடைப்பு கரையைப் போன்றதா தீவைப் போன்றதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வரும் யோசனை, பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது: ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண். வளர்ப்போர் மத்தியில் இது வேதவாக்கு. பெரிய தோட்டம், நிறையப் புதர், பார்வையை மறைக்கும் மேடு பள்ளம் எல்லாம் இருந்தால் ஓரளவு பலிக்கும், மறுக்கவில்லை. சிறிய இடத்தில் தொல்லை பங்கு போடப்படுகிறதே தவிரக் குறைவதில்லை. பல ஆண்கள் எல்லோரையும் விட்டுவிட்டு ஒரே பெண்ணையே பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு இப்போது நான்கைந்து ஆமைக்கு இடமும் தீனியும் வேண்டும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைப்பதுதான் வழி. அதற்காக இருக்கிற அடைப்பை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிதானே மிஞ்சும் என்பவர்களுக்கு என் பதில்: தனக்கே உரிய பாதி, துரத்தப்படும் முழுசைவிடப் பெரிது.

தனிமை பற்றிய வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிவப்புக்கால் ஆமைகள் இன்னோர் ஆமையைப் பார்த்து வழி கற்றுக்கொள்வதை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்த்துக் கற்கிற பிராணிக்குத் துணை வேண்டாமா? அந்த ஆய்வாளர்களே ஆமையைக் கூடி வாழாத ஊர்வன என்றுதான் அழைத்தார்கள். கூட்டமாக வாழாதவற்றுக்கும் அந்தத் திறன் உண்டு என்பதே அவர்கள் கண்டது. 2018-ல் வந்த இன்னோர் ஆய்வில், முட்டையிலிருந்து வந்து சில வாரங்களே ஆன ஆமைக்குஞ்சுகள் பழகிய குஞ்சைப் பொருட்படுத்தவில்லை, பழகாத குஞ்சைக் கண்டு விலகிப்போயின. இரண்டு ஆமை ஒன்றோடொன்று ஒட்டித் தூங்குவதைப் பாசம் என்று படிக்கிறோம். அடைப்பில் கதகதப்பான மூலை ஒன்றே ஒன்று இருந்தால் வேறென்ன செய்யும்? இன்னொரு மூலையையும் அதேபோல அமைத்துக் கொடுத்துப் பாருங்கள். “எங்களிடம் இருபது வருஷமாகச் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை” என்பவர்களும் உண்டு. சில ஆண்கள் சாது என்பது உண்மை. ஆனால் ஆமை முனகாது, அழாது. அதன் புகார் தராசில்தான் தெரியும். மாதாமாதம் எடை பார்த்துக் குறித்துவைத்தவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

ஜோடி கேட்பதில் இன்னொரு சிக்கல், ஜோடி என்று கொடுக்கப்படுவது ஜோடிதானா என்பது. குஞ்சில் ஆண் பெண் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடு பத்து சென்டிமீட்டரைத் தொடும்வரை, அதாவது சில ஆண்டுகள், பொறுத்திருக்க வேண்டும். வளர்ந்த பிறகும் மனிதர் ஏமாந்திருக்கிறார்கள். 1854-ல் செவஸ்தபோல் மீது குண்டு பொழிந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இருந்து, பின்பு டெவன் மாவட்டத்துப் பௌடர்ஹாம் கோட்டையில் வாழ்ந்து, 2004-ல் இறந்த டிமோத்தி என்ற ஆமை பெண் என்பது, அதற்கு ஜோடி சேர்க்க முயன்ற 1926-ல்தான் தெரிந்தது. ஹெர்மன் குஞ்சின் பாலை முடிவு செய்வது முட்டை அடைந்த சூடு. 31 டிகிரி செல்சியசுக்குக் கீழே பெரும்பாலும் ஆண், அதைத் தாண்டிப் போகப் போகப் பெண். பயந்து சூட்டைக் குறைத்தே வைக்கும் இன்குபேட்டர்களிலிருந்து ஆண்களாக வந்து குவிகின்றன. ஜோடி என்று வாங்கிய இரண்டும் ஆணாகிவிடுவது சாதாரணம். அவை ஒன்றையொன்று இடித்துக் கவிழ்க்கும். கவிழ்ந்தது வெயிலில் கிடந்தால் மாலைக்குள் செத்துப்போகும்.

குஞ்சு வேண்டும் என்பவர்களுக்கும் ஆண்டு முழுதும் சேர்த்து வைக்கும் தேவை இல்லை. பெண் ஆமை ஆணின் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு பருவத்துச் சேர்க்கை பிந்திய ஆண்டுகளின் முட்டைக்கும் போதுமானதாக இருக்கலாம். பெண் நன்றாகத் தின்று எடை தேறிய பிறகு, ஆள் பக்கத்தில் இருந்து, ஒரு மதியம் விட்டுப் பிரித்தால் போதும். பெண்ணின் பக்கத்தில் வெயில் படும் சரிவில் தளர்ந்த மண் மேடு கட்டாயம் வேண்டும். ஆணையே பார்க்காத பெண்ணும் முட்டையிடும், குழி தோண்ட அமைதி கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிவைத்து நோயில் விழும். நடுவில் கம்பி வலை கட்டுவது வீண். பெண் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை ஆண் வலையோரமாகவே நடந்து மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பலகையோ செங்கல்லோ வைத்து, ஆமை நிமிர்ந்து எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்கு, அடியில் தோண்டி வர முடியாதபடி மண்ணுக்குள்ளும் கொஞ்சம் இறக்கிக் கட்ட வேண்டும். முதல் வாரங்களில் ஆண் அந்தச் சுவரோரமாக அலையத்தான் செய்யும். தீனியைச் சுவருக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால் அலைச்சல் சீக்கிரம் குறைகிறது.