மலையேறும் கிழட்டுச் சிங்கங்கள்

டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 26 கி.மீ. தள்ளி, நேபாள எல்லையை ஒட்டி இருக்கிறது மானேபஞ்ஜன். சின்னக் கடைவீதி, மோமோ கடைகள், எந்நேரமும் மேகம். வேறு ஊராக இருந்தால் மியூசியத்தில் கயிறு கட்டிக் காட்டப்பட்டிருக்கும் வண்டிகள் இங்கே டாக்சிகளாக வரிசையில் நிற்கின்றன. எல்லாம் 1950களின் லேண்ட் ரோவர்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்றவை என்பது ஊரார் சொல்லும் வரலாறு.

இவை போய்ச்சேர வேண்டிய இடம் சந்தக்ஃபூ. 3,636 மீட்டர் உயரம், மேற்கு வங்கத்தின் உச்சி. உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கை அங்கிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். தூரம் என்னவோ 31 கி.மீ.தான். ஆனால் பாதை டோங்லுவில் 3,070 மீட்டருக்கு ஏறி, கைரிபாஸில் 2,621 மீட்டருக்கு இறங்கி, மறுபடி காலிபோக்ரி வழியாக ஏறுகிறது. பல இடங்களில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மற்ற இடங்களில் பாறைக்கற்களின் மீது வண்டி ஆடிக்கொண்டே போகும்.

வழியில் ஒர்க்‌ஷாப் கிடையாது. டிரைவர்தான் மெக்கானிக். முதல் வரிசை லேண்ட் ரோவர் 1948இல் அறிமுகமாகி 1958இல் உற்பத்தி நின்றுபோனது. ஆகவே ஸ்பேர் பார்ட்ஸைவிட டிரைவரின் தலைக்குள் இருப்பதை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

அந்த அறிவில் முக்கால்வாசி ஒரே வார்த்தையில் அடங்கும்: எர்த். பேட்டரியிலிருந்து கரண்ட் போவதற்கு ஒயர் உண்டு. திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்பேதான் வழி. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுப் பஞ்சம். அதனால் இந்த வண்டிகளுக்கு அலுமினியக் கலவையில் உடம்பு, இரும்பில் சேஸிஸ். இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கிறது. சிங்கலீலா மலையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. கரண்ட் திரும்பும் வழி மெல்ல அடைபடுகிறது.

அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும். இண்டிகேட்டர் மினுக்கும்போதெல்லாம் ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கும். செல்ஃப் போட்டால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. சில சமயம் சோக் கேபிள் கையைச் சுடும். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டை அறுந்தால், கரண்ட் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. விஷயம் தெரியாதவர் புது பேட்டரி வாங்கிப் போடுவார், பிரச்சினை அப்படியே இருக்கும்.

சோதனை சுலபம். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து என்ஜினின் வெற்று உலோகத்துக்குத் தடித்த ஒயர் ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும். செல்ஃப் உடனே சுறுசுறுப்பாகச் சுற்றினால் குற்றவாளி எர்த்தான். மீட்டர் இருந்தால், செல்ஃப் சுற்றும்போது அதே இரண்டு இடங்களுக்கு நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. வைத்தியம் அதைவிட மலிவு. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும்.

இன்னொரு பொறி உண்டு. இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் எர்த். இந்தப் பழைய வண்டிகள் பிறந்தது பாசிட்டிவ் எர்த்தோடு. பின்னால் மாற்றப்பட்டவையும் உண்டு. எது எப்படி என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டினால் டைனமோ சார்ஜ் செய்யாது, இணைத்திருக்கும் எலக்ட்ரானிக் சாமான்கள் கருகும்.

எர்த் சரியாக இருந்தும் என்ஜின் திணறினால் காரணம் காற்று. சந்தக்ஃபூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெட்ரோல் என்ஜின் இன்னும் இருக்கும் வண்டிகளில் கார்புரேட்டர் பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்ற, கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி படியும். தண்ணீர் அந்த உயரத்தில் சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் ரேடியேட்டர் மூடி கசிந்தால் தொல்லை. நின்றுபோன என்ஜினிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே: தீப்பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? இரண்டும் வந்தால், பேட்டரியில் தெம்பு இல்லாவிட்டாலும் ஹேண்டில் அடித்து எழுப்பிவிடலாம்.

இதெல்லாம் பழைய வண்டிப் பித்தர்களின் பொழுதுபோக்கு அல்ல. மாலை மூடுபனியில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் வளைவில் ஹெட்லைட் அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஒரு பயணிக்கு மூச்சு முட்டினால் முதல் மருந்து கீழே இறக்குவதுதான். அந்த நேரத்தில் லேண்ட் ரோவர்தான் ஆம்புலன்ஸ். அப்போது செல்ஃப் ‘டிக்’ என்று நின்றால், ஒரு துருப்பிடித்த போல்ட்டின் விலை மனித உயிர்.

பொலேரோக்களும் இப்போது இந்த மலையேறுகின்றன. சொகுசு அதிகம், ஓட்டுவது எளிது. ஆனால் கம்ப்யூட்டர் வைத்த என்ஜினிலும் பேட்டரிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு எர்த் ஒயர் இருக்கத்தான் செய்கிறது. அதே மேகம், அதே ஈரம் அதையும் அரிக்கும். உப்புத்தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் டிரைவருக்கு மானேபஞ்ஜனில் வேலை இருந்துகொண்டே இருக்கும்.