மூணு கிராமமும் ஒரு பி.ஹெச்டி.யும்

எங்க ஊரு பாகூர்னா ஏரி, நெல்லு, மூலநாதர் கோயில்னுதான் வெளியூர்க்காரங்க சொல்வாங்க. இங்க ஒரு காலேஜ் இருந்துச்சுங்க. இப்ப இல்ல, ஒன்பதாம் நூற்றாண்டுல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனோட எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேட்டுல, பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூணு கிராமத்து வருமானத்தை எழுதி வச்ச சேதி இருக்கு. படிக்கிறவனும் சொல்லித் தர்றவனும் சோத்துக்கு அலையக்கூடாதுங்குறது அப்பவே தெரிஞ்சிருக்கு.

நம்ம ராமானுஜன் கதையும் அதேதான். 1912ல மெட்ராஸ் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் கிளார்க். 1913ல மெட்ராஸ் பல்கலைக்கழகம், டிகிரி இல்லாத அந்த ஆளுக்கு மாசம் 75 ரூபாய்னு ரெண்டு வருஷத்துக்கு உதவித்தொகை குடுத்துச்சு. மூணு மாசத்துக்கு ஒரு அறிக்கை தரணும், அவ்ளோதான். 1914ல கேம்பிரிட்ஜ் போனார். அங்க கிடைச்சது ஹார்டி, அதாவது சரிசமமா உக்காந்து பேச ஒரு ஆள்.

ஆக, ஆராய்ச்சிக்கு மூணு வேணும். வயித்துக்கவலை இல்லாம இருக்கணும், நேரம் வேணும், பேச ஆள் வேணும். பொட்டி தட்டுறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

எங்க பெரியம்மா பொண்ணு ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில இயற்பியல் உதவிப் பேராசிரியர். பகுதிநேர பி.ஹெச்டி., இது ஆறாவது வருஷம். யு.ஜி.சி.யோட 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. அக்காவுக்கு 24. அதுபோக ரெக்கார்ட் நோட்டு, ஹால் சூப்பர்விஷன், மதிப்பீட்டுக் குழு வருதுன்னா ராத்திரி வரைக்கும் ஃபைலு. கோடை லீவுல அட்மிஷனுக்காக பிளஸ் டூ பசங்க வீட்டுக் கதவைத் தட்டணும். காலாப்பட்டு பல்கலைக்கழக லைப்ரரிக்குப் போகணும்னா சம்பளம் கட். காலேஜ்ல அக்கா சப்ஜெக்ட் பத்திப் பேச இன்னொரு ஜீவன் கிடையாது.

இவ்வளவும் குடுத்துட்டு "இந்த வருஷம் எத்தனை பேப்பர்?"னு கேக்குறாங்க. எங்க கம்பெனில கோடு வரிய எண்ணி அப்ரைசல் போட்டா என்ன ஆகும்? பத்து வரியில முடியுற வேலைய நூறு வரியா எழுதுவோம் :-) அதே கதைதான் அங்கயும். 2010ல யு.ஜி.சி. பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ.ன்னு பாயிண்ட் கணக்கு கொண்டுவந்துச்சு. காசு வாங்கிட்டு எதையும் அச்சடிக்கிற ஜர்னல்கள் ஜேஜேன்னு நடந்துச்சு. 2018 மே மாசம் யு.ஜி.சி. தன்னோட பட்டியல்லேர்ந்தே 4,305 ஜர்னல்களைத் தூக்குச்சு. அக்காவுக்கு இன்னமும் அந்த மாதிரி மெயில் தினமும் வருது. பணம் கட்டினா ஒரே வாரத்துல பேப்பர் வந்துடுமாம். கட்டல. அதனாலதான் ஆறு வருஷம்.

"விட்டுடலாமாடா?"ன்னு போன வாரம் கேட்டுச்சு. வாரத்துல ஒரு நாள் வகுப்பில்லாம குடுங்கன்னு பிரின்சிபாலுக்கு எழுத்துல கேளுக்கான்னு சொல்லியிருக்கேன். மூணு கிராமமா கேக்குறோம், ஒரு வெள்ளிக்கிழமைதானே?

வாத்தியார் பதிவர்கள் யாராவது இப்படிக் கேட்டு வாங்கியிருந்தா, லெட்டர்ல என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க மக்களே. அக்காகிட்ட காட்டணும்.