லாக் புக்கில் ஏழு பொய்

என் லாக் புக்கில் ஏழு ஹெர்னியா ஆபரேஷன்கள் பொய். அவை நடந்தது உண்மை. செய்தது வேறு கைகள். சிலவற்றில் நான் ரிட்ராக்டர் பிடித்தேன், சிலவற்றில் அதுவும் இல்லை. ‘தனியாகச் செய்தது’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

2019-ல் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி சேர்ந்தேன். ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி.க்குக் கத்தி கிடைக்காது. ரத்தம் எடுப்பது, டிரஸ்ஸிங், ஸ்கேனுக்குத் தேதி வாங்க ஓடுவது, அவ்வளவுதான். இரண்டாம் வருடம்தான் ஹெர்னியாவைக் கையில் கொடுப்பார்கள். எனக்கு அந்த வருடம் ஊரடங்கோடு வந்தது. அவசரமில்லாத ஆபரேஷன்கள் நின்றன. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் மின்சார ரயிலும் நின்றது. பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று வெறிச்சோடிய சி.டி.எச். ரோட்டில் ஸ்கூட்டரில் போவேன். ஏழு நாள் கோவிட் வார்டு, ஏழு நாள் லாட்ஜ் அறை. அறையில் வாழைப்பழத் தோலில் தையல் போட்டுப் பழகினேன். சிரிக்காதீர்கள், அது நன்றாகவே தையல் தாங்கும்.

மூன்றாம் வருடமாவது தியேட்டருக்குள் நிற்கலாம் என்றிருந்தேன். 2021 ஏப்ரல் 18-ல் நடக்கவிருந்த முதுநிலை நீட் தள்ளிப்போய் செப்டம்பர் 11-ல் நடந்தது. பிறகு இடஒதுக்கீட்டு வழக்கு. கவுன்சலிங் தொடங்கியது 2022 ஜனவரி 12-ல். அதுவரை எங்களுக்குக் கீழே ஃபர்ஸ்ட் இயர் என்று ஒருவரும் இல்லை. படிப்பை முடிக்கப் போகிற வருடத்திலும் விடியற்காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். ரெசிடென்ட் டாக்டரின் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அதை நான் படித்ததே ஒரு 30 மணி நேர டூட்டியின் நடுவில்.

சோர்வு என்றால் தூக்கமின்மை என்றே நினைத்திருந்தேன். 2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த வாரம் ஒரு பெண்ணுக்குப் போன் செய்து அவர் கணவர் இறந்ததைச் சொன்னேன். அவர் கதறும்போது, கேன்டீனில் லெமன் சாதம் தீர்ந்திருக்குமோ என்று யோசித்தேன். துக்கம் வரவில்லை, வரவில்லையே என்ற பயமும் வரவில்லை. அந்த மனநிலையில்தான் லாக் புக்கை நிரப்பினேன். அதையே சாக்காகவும் சொல்ல மாட்டேன். அப்போது எனக்கிருந்த வெட்கம், தெரியாது என்று சொல்வதற்குத்தான். பொய் எழுதுவதற்கு இல்லை.

2022-ல் பாஸானேன். ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் ஹெர்னியா கேஸுக்குக் கூப்பிட்டார்கள். “பண்ணியிருக்கீங்கல்ல?” என்றார்கள். தலையாட்டினேன்.

முதுகில் ஊசி போட்ட மயக்கம்; நோயாளி விழித்துத்தான் இருந்தார். பெயின்டர், ஐம்பது வயது. திறந்த பிறகு, தொடையிடுக்குக்குப் போகும் நரம்பு எது, வெறும் நார் எது என்று எனக்குப் பிரியவில்லை. அந்த நரம்பு மெஷ்ஷோடு தையலில் மாட்டினால் வருஷக்கணக்கில் வலிக்கும். கையை எடுத்துவிட்டேன். மயக்க டாக்டர் மானிட்டரிலிருந்து தலையைத் திருப்பினார்.

“எத்தனை தனியா பண்ணியிருக்கே?”

“ஒண்ணு, சார்.”

அவர் திட்டவில்லை. போனை எடுத்து ஒரு மூத்த சர்ஜனைக் கூப்பிட்டார். அவர் வந்து சேர நாற்பது நிமிடம். ஈரத் துணியால் காயத்தை மூடிவிட்டு நின்றேன்.

“டாக்டரம்மா, முடிஞ்சுதா?” என்றார் பெயின்டர்.

“இல்லைங்க. எனக்கு ஒரு இடம் சரியாப் புரியல. பெரியவர் வர்றார்.”

திரைக்கு அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார், “அவரு வர்ற வரைக்கும் நீங்க இங்கேயே இருப்பீங்கல்ல?”