குட்டி யானையும் மாமாவின் டிபன் கடையும்

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததில் இருந்தே எங்கள் ஊரப்பாக்கத்தில் ஆளாளுக்கு ஒரு வியாபாரக் கனவு. என் மாமாவுக்கும் வந்தது. சேமிப்பை எல்லாம் போட்டு ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கினார். அதாங்க, 2005ல் வந்த நம்ம குட்டி யானை. அதன் முதுகில் டிபன் கடை கட்டுவதாகத் திட்டம்.

பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியவரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். காலி வண்டி 800 கிலோ, பாரத்தோடு 1550. ஆக, ஏற்றக்கூடியது 750 தான்.

"டேய், அவனவன் ஒன்றரை டன் ஜல்லி ஏத்துறான்!" என்றார்.

ஏத்துறாங்க, உண்மைதான். (2019 சட்டத்திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அது வேறு கதை.) ஆனால் ஜல்லி கொட்டியதும் வண்டி மூச்சு விடும். கடையை எங்கே கொட்டுவது? ராத்திரி நிறுத்தி வைத்திருக்கும்போதும் ஸ்பிரிங் பட்டையும் டயரும் அதைச் சுமந்துகொண்டே இருக்கும். அதுவும் உயரமான பாரம். வளைவில் சாயும், பிரேக் அடித்தால் சட்டென்று நிற்காது.

உட்கார்ந்து கணக்கு போட்டோம். இரும்புக் கூண்டு 330. சிலிண்டர் இரண்டு 75 (19 கிலோ என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும், இரும்பு தனி!). தண்ணீர் டிரம் 210. கிரானைட் மேடை 60. அடுப்பு, தோசைக்கல், கிரைண்டர், பாத்திரம் 150. மாவு, அரிசி, தேங்காய் 50. மாமாவும் அத்தையும் 130. மொத்தம் 1005! மாமா கால்குலேட்டரை வாங்கி மறுபடி தட்டிப் பார்த்தார்.

கூண்டு அலுமினியத்துக்கு மாறியது, 190 ஆனது. செலவு கூடியதில் மாமாவுக்கு இன்னும் வருத்தம். கிரானைட்டுக்குப் பதில் 10 கிலோ எவர்சில்வர் தகடு. கிரைண்டர் வீட்டோடு நின்றது, அதில் 30 மிச்சம். பெரிய லாபம் தண்ணீரில்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ அல்லவா? காலி டிரம்மோடு போய், கடை போடும் இடத்தில் 200 லிட்டர் நிரப்பிக்கொள்வது என்று முடிவானது. அடுப்பை ஒரு பக்கமும் சிலிண்டரை எதிர்ப்பக்கமும் வைத்தோம், இல்லையென்றால் வண்டி ஒருக்களித்து நிற்கும்.

ஆர்.டி.ஓ. வேலை முடிந்ததும் எல்லாம் ஏற்றி எடை மேடைக்குப் போனோம். என் கணக்கு 1385. சீட்டில் 1430. அந்த 45 கிலோ, அத்தை சொல்லாமல் ஏற்றிய ஸ்டூல்களும் இட்லிக் குண்டானும்.

மாமா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் 120 கிலோ இருக்கேடா... அந்த கிரானைட்டைப் போட்டுடலாமா?"