பரீட்சை அட்டையில் ஒரு தண்டவாளத் துடைப்பான்

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. இந்தப் பதிவும் ஆணி பற்றியதுதான். நிஜ ஆணி, ரெண்டு.

பென்னலூருக்கு ரயில் கிடையாது. இந்தப் பக்கம் செய்யும் கார்கூட வாலாஜாபாத் போய்த்தான் ரயில் ஏறுகிறது. எனக்குத் தெரிந்து ஊரில் ஓடும் ஒரே ரயில் என் வீட்டு ப்ளைவுட் மேல்தான். ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'ஓடும்' என்றது கொஞ்சம் ஓவர். பெங்களூர் ஹைவே லாரிப் புழுதி ஒரு பக்கம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தெறிக்கும் குட்டிக் குட்டிப் பொறிகளால் படியும் கறுப்பு இன்னொரு பக்கம். 12 வோல்ட் கரண்ட் தண்டவாளம் வழியாத்தான் எஞ்சினுக்குப் போகணும். கறுப்பு படிஞ்சா அவ்ளோதான்.

போன பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். அரக்கோணத்தில் எலக்ட்ரிக் எஞ்சின் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒரே சுற்றில் நாலு தடவை நின்றது. விரலால் தள்ளிவிட்டேன். "சிக்னலே இல்லாம ஏண்டா நிக்குது?" என்று கேட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அந்தக் கடுப்பில் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன் பாருங்க, அதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஒரு வாரம் ஜோரா ஓடியது. அப்புறம் தேய்த்த கீறல்களிலேயே அழுக்கு போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மீட்டர் தண்டவாளம் போச்சு. வெளிநாட்டுத் துடைப்பு வண்டியின் விலையைத் தங்கமணியிடம் சொல்லவே தைரியம் வரலை.

கடைசியில் கை கொடுத்தது பையனோட கிளிப் உடைஞ்ச பரீட்சை அட்டை. ஹார்ட்போர்டு. ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் சொரசொர. 5 செ.மீ. நீளம், இரண்டரை அகலத்துக்கு அறுத்து, வழவழப் பக்கத்தைக் கொஞ்சம் கீறி, ரெண்டு ஆணியைத் தலைகீழாக நிறுத்தி அரால்டைட் போட்டேன். பழைய கூட்ஸ் வேகனின் தரையில் ரெண்டு ஓட்டை. ஆணி அதுக்குள்ள லொடலொடன்னு ஏறி இறங்கணும், அதுதான் சூட்சுமம். சொரசொரப்பு கீழே இருக்க, அட்டை தன் கனத்திலேயே தண்டவாளத்தை உரசிக்கொண்டு வரும். (முதலில் ஓட்டையை டைட்டாகப் போட்டு, அட்டை சிக்கி, வேகனே தடம் புரண்டது தனிக்கதை.) முன்பின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்கலைன்னா பாயிண்ட்டில் இடிக்கும். எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் ஊற்றலை. அட்டை கறுத்தா கழட்டி உப்புத்தாளில் ரெண்டு இழுப்பு. உப்புத்தாளுக்கு உரிய இடம் அதுதான்.

ஆடிக்கு அப்பா மறுபடி வந்தார். எஞ்சின் நிற்காமல் சுற்றியது. கொஞ்ச நேரம் பார்த்தவர், "மழையில சக்கரம் வழுக்கினா நாங்க தண்டவாளத்துல மண்ணைத் தூவுவோம். நீ என்னடான்னா துடைக்கறே" என்றார். "தள்ளு" என்று கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டப்போ, "இந்த ட்ரிப் முடியட்டும்" என்று பதில் வந்தது.

டிஸ்கி: ஹார்ட்போர்டு யோசனை வெளிநாட்டு ரயில் பிரியர்களோட பழைய வித்தை. பரீட்சை அட்டை மட்டும் நம்ம சரக்கு. பையனுக்குப் புது அட்டை வாங்கின காசையும் செலவுக் கணக்கில் சேர்க்கணுமாம், தங்கமணி உத்தரவு.