‘தொடர்ந்து’ என்ற சொல்லும் ஒரு மொறிஸ் மைனர் காரும்

செய்தி எழுதுபவர்களின் கையில் மிகவும் வசதியான சொல் ஒன்று இருக்கிறது. ‘தொடர்ந்து’ என்பதே அது. ‘குண்டுவெடிப்பைத் தொடர்ந்து இளைஞர்கள் பலர் கைது செய்யப்பட்டனர்’ என்று எழுதும்போது ஒன்றுக்குப் பின்னர் மற்றொன்று நடந்தது என்று மாத்திரமே நாம் சொல்கிறோம். ஆனால், ஒன்றினால்தான் மற்றொன்று நடந்தது என்று வாசகர் விளங்கிக்கொள்கிறார். நாம் பொய் சொன்னதாக எவரும் எம்மைக் குற்றஞ்சாட்டவும் முடியாது. யுத்தகாலத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழ் இளைஞர்கள் பலர், இந்தச் சொல்லின் இரு அர்த்தங்களுக்கும் இடையில் அகப்பட்டுத் தடுப்புக்காவலில் இருந்ததை எமது தலைமுறைப் பத்திரிகையாளர்கள் நன்கறிவார்கள். அவர்களில் அநேகர் செய்த காரியம், குண்டு வெடிப்பதற்குச் சில நாள்களுக்கு முன்னர் கொழும்புக்கு வந்துசேர்ந்தது மாத்திரமே.

இத்தகைய பாரதூரமான விடயத்தைச் சொல்லிவிட்டு மோட்டார் காருக்கு வருவது பொருத்தமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சந்தேகம் எவ்வாறு பிறக்கிறது, அதை எவ்வாறு சோதிக்கவேண்டும் என்பவற்றை அரசியலில் வைத்துப் பேசினால் உடனே கோபம் வந்துவிடுகிறது. ஒரு எஞ்சினில் வைத்துப் பார்த்தால் எவருக்கும் கோபம் வருவதில்லை. அண்மைய வருடங்களில் எனது நண்பர் ஒருவரின் காரில் நேர்ந்த கோளாறை அதனாலேயே இங்கு எழுதுகிறேன்.

நண்பரிடம் இருப்பது 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் லண்டனில் அறிமுகமான இந்த இன வாகனத்தை இலங்கையில் அறியாதவர்கள் குறைவு. எமது நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களுக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. நண்பர் ஓய்வூதியத்துடன் சேர்த்து, கலியாண வீடுகளுக்கு இந்தக் காரை வாடகைக்கு விட்டே குடும்பச் செலவைச் சமாளித்து வந்தார்.

எவரோ சொன்ன ஆலோசனையின் பேரில் அவர் காரின் பழைய வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றிவிட்டு, வெளியில் செய்து விற்கப்படும் ‘ஹெடர்’ குழாய்த் தொகுதியைப் பூட்டுவித்தார். எஞ்சினில் எரிந்த புகை ஒரே அறைக்குள் முட்டிமோதாமல் தனித்தனிக் குழாய்களின் வழியாக வெளியேறினால் மூச்சு இலகுவாகும் என்பதே இதன் தத்துவம். தத்துவம் சரியானதே. ஆனால், காபுரேற்றரையும் எஞ்சினின் தலைப்பகுதியையும் தொடாமல் குழாயை மாத்திரம் மாற்றுவதால் கிடைக்கும் பலம் சொற்பமானது.

குழாய் பூட்டப்பட்டு இரண்டு வாரங்களுக்குள் எஞ்சின் ‘மிஸ்’ அடிக்கத் தொடங்கியது. நிற்கும்போது நடுங்கியது. கண்டியில் ஒரு கலியாணத்துக்குச் சென்றபோது கடுகண்ணாவை ஏற்றத்தில் இருமி இருமி ஏறியது. மணமகளை ஏற்றிக்கொண்டு நடு ஏற்றத்தில் நின்றுவிடக்கூடிய காரை எவர் வாடகைக்கு எடுப்பார்? நண்பர் கராஜுக்குச் சென்று கூலி தர மறுத்தார். கராஜ் முதலாளி குழாயைப் பூட்டிய இளைஞனின் அந்த மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தார். அவன் இருபது வயதைத் தாண்டியிராத சிங்களப் பையன். வேலையை விட்டும் நீக்கப்போவதாக அவனிடம் சொல்லியிருந்தார்கள். ‘குழாய் பூட்டியதைத் தொடர்ந்து’ கோளாறு வந்தது என்பதே அவனுக்கு எதிரான முழுச் சாட்சியமும்.

இரு தரப்பையும் அறிந்தவன் என்ற முறையில் என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள். எஞ்சினைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை என்பதால், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வெரஹெர வேலைத்தளத்தில் நீண்டகாலம் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துச் சென்றேன். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணை’ என்றே அழைப்போம்.

அண்ணை முதல் அரைமணி நேரம் எஞ்சினைத் தொடவேயில்லை. கேள்விகள் மாத்திரமே கேட்டார். மிஸ் அடிப்பது எப்போது? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஏற்றத்திலா? கால் எடுத்ததும் பின்னால் ‘படபட’ என்று வெடிக்கிறதா? ஒரு நல்ல செய்தியாசிரியர் இளம் நிருபரிடம் கேட்கும் கேள்விகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

நண்பரின் பதில்களிலிருந்து ஒன்று தெரியவந்தது. நிற்கும்போது நடுங்கும் எஞ்சின் வேகம் எடுத்ததும் சீராகிவிடுகிறது. ஏற்றத்தில் இருமுவதோ, நன்கு சூடேறிய பின்னரே நிகழ்கிறது. “இது ஒரு வருத்தமில்லை தம்பி, ரெண்டு வருத்தம்” என்றார் அண்ணை.

பின்னர் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். முதலாவதும் இரண்டாவதும் வெளிறிக் கிடந்தன. மூன்றாவதும் நான்காவதும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. பெற்றோல் குறைந்து காற்றுக் கூடினால் பிளக் வெளிறும். பெற்றோல் கூடினால் கரி படியும். ஆரோக்கியமான பிளக்கின் நிறம் பிஸ்கட் நிறமே. மைனரின் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்த கலவை உள்ளே செல்ல இரண்டு வாசல்களே இருக்கின்றன. முதலாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரு வாசல்; மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு மற்றொன்று. ஆகவே அயலில் உள்ள இரண்டு பிளக்குகள் ஒருசேர வெளிறியிருந்தால், அந்த வாசலடியில் எங்கோ வெளிக்காற்று புகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

அண்ணை சந்தேகத்துடன் நின்றுவிடவில்லை. பிளக்குகளைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, அந்த மூட்டின்மீது ஓர் எண்ணெய்க் குப்பியினால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முன்பக்க வாசலடியில் சொட்டு விழுந்ததும் இடைவெளி சற்று நேரம் அடைபட்டு எஞ்சினின் ஓசை மாறியது. பின்பக்கத்தில் விட்டபோது மாற்றமில்லை. சில கராஜ்களில் இதே சோதனைக்குப் பெற்றோலைப் பீச்சுவார்கள். கொதிக்கும் குழாய் ஒரு சாண் தூரத்தில் இருக்க அவ்வாறு செய்வது காரையே கொளுத்திவிடும்.

கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. இந்த எஞ்சினில் கலவை உள்ளே செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒரே கஸ்கட்டின்மேல் அருகருகே அமர்கின்றன. ஒரே பெரிய வோஷர் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்து அமத்துகிறது. புதிய ஹெடரின் உருக்கு விளிம்பு, அதன் அருகில் இருந்த அலுமினிய விளிம்பைவிடத் தடிப்பானது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வோஷர் சரிந்து நின்று தடித்த விளிம்பை மாத்திரமே பிடித்தது. மற்றதன் ஓரத்தால் காற்று புகுந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் அதிகம் என்பதால் களவாகப் புகும் காற்றின் பங்கும் அதிகம். வேகம் கூடும்போது அந்தப் பங்கு அற்பமாகிவிடும். நின்றால் நடுங்கியதும் ஓடினால் சீரானதும் இதனாலேயே. தடித்த விளிம்பை வோஷர் அமரும் இடங்களில் மட்டம்பார்த்து அராவி, புதிய கஸ்கட் வைத்துப் பூட்டியபோது நடுக்கம் நின்றது.

இந்தப் பிழை அந்த இளைஞனுடையது என்று சொல்லலாம். விளிம்புகளின் தடிப்பை அளந்து பார்க்க அவனுக்கு எவரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே.

ஏற்றத்தில் வந்த இருமல் அப்படியே இருந்தது. நண்பர் மீண்டும் குழாயையே முறைத்துப் பார்த்தார். அண்ணை எஞ்சினின் மறுபக்கத்துக்குச் சென்று டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே பொயின்ட் முனைகள் கருகியிருந்தன. ஒரு முனையில் குழியும் எதிர்முனையில் அதற்கு ஈடான ஒரு மேடும். அருகில் இருக்கும் கொண்டென்சர் பழுதடையத் தொடங்கினால் பொயின்டில் தீப்பொறி பறக்கும். உலோகம் சிறிது சிறிதாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம்பெயரும். கொண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது தன் வேலையைச் செய்துவிட்டுச் சூடேறியதும் கைவிடுவது வழமையானது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பிளக்கில் பொறி பாய்வதற்குக் கூடிய மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் பலவீனம் வெளிப்படும்.

“இந்த மேடு ரெண்டு கிழமையில வளர்ந்ததில்லை” என்றார் அண்ணை. பொயின்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டார். நண்பரால் நினைவுகூர முடியவில்லை. ஆனால், குழாய் மாற்றுவதற்கு முன்னரும் ஒரு தடவை அவிசாவளைப் பக்கம் சென்றபோது கார் ‘கொஞ்சம் இழுத்தது’ என்று அவரே சொன்னார். பழைய வார்ப்பிரும்பும் பழைய சைலன்சரும் அந்த ஓசையை விழுங்கிக்கொண்டிருந்தன. புதிய குழாய் சத்தம் கூடியது. இருந்த கோளாறை அது உண்டாக்கவில்லை, கேட்கச் செய்தது.

புதிய கொண்டென்சரும் பொயின்டும் பூட்டி, இடைவெளியை 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீற்றர் அளவில் வைத்தார்கள். அடுத்த வாரம் கார் கடுகண்ணாவை ஏறி இறங்கியது. நண்பர் கூலியைக் கொடுத்தார். இளைஞனுக்குச் சம்பளம் கிடைத்தது. அவனது வேலையும் தப்பியது. ஆனாலும் முதலாளி அவனிடம் வருத்தம் தெரிவித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இன்றைய கார்களில் இவ்வளவு சிரமம் இல்லை, கணினியே சொல்லிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணினி ‘பி 0301’ என்று காட்டினால் முதலாம் சிலிண்டரில் மிஸ் என்று அர்த்தம். ‘பி 0300’ என்றால் ஒரு சிலிண்டரில் என்றில்லாமல் ஆங்காங்கே மிஸ் என்று அர்த்தம். எந்தச் சிலிண்டர் என்று சொல்லும் கணினி, ஏன் என்று சொல்வதில்லை. ஹெடர் மாற்றிய புதிய கார்களில் மூட்டுச் சரியாக அமராவிட்டால், ஒட்சிசன் உணரிக்கு முன்னால் வெளிக்காற்று புகக்கூடும். உணரி அதை எரியாத ஒட்சிசன் என்று எண்ணும். கணினி பெற்றோல் போதவில்லை என்று முடிவுசெய்து மேலும் பெற்றோலை ஊற்றும். தவறான தகவலை நம்பிச் சரியான கணக்குப் போடும் அதிகாரியைப் போன்றது அது. மிஸ் அடிக்கும் காரை அப்படியே ஓட்டினால் எரியாத பெற்றோல் கற்றலைற்றிக் கன்வேர்ட்டருக்குள் சென்று எரிந்து அதனையும் அழித்துவிடும்.

கடைசியாக மாற்றப்பட்ட பொருளை முதலில் சந்தேகிப்பதில் பிழையில்லை. அண்ணையும் அங்கிருந்தே தொடங்கினார். அங்கு ஒரு பிழையைக் கண்டும் பிடித்தார். அந்தப் பிழை எல்லாவற்றையும் விளக்குகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டதே அவரது சிறப்பு. ஒரு குற்றத்துக்கு உரியவன் அகப்பட்டதும் மற்றக் குற்றங்களையும் அவன் தலையிலேயே கட்டிவிடுவது கராஜ்களில் மாத்திரம் நடக்கும் காரியமல்ல.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெடரோ வேறெதுவோ பூட்டுவதற்கு முன்னர் நான்கு பிளக்குகளையும் கழற்றி நிறத்தைப் படமெடுத்து வையுங்கள். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வால்வு இடைவெளியையும் பொயின்டின் நிலையையும் ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். அரைநாள் வேலை அது. முன்னர் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், பின்னர் வந்ததற்கு யார் பொறுப்பு என்று எவராலும் நேர்மையாகச் சொல்லமுடியாது. அந்த நிலையில் பழி, அங்கு நிற்பவர்களில் வயதில் குறைந்தவனிடமே போய்ச்சேரும்.