தஞ்சோங் பகாரில் பதினொரு பேர்

ஊரிலிருந்து சொந்தங்கள் மொத்தமாகக் கிளம்பி வருகிறார்கள் என்றால், எங்கே அழைத்துப் போவது என்ற பட்டியல் சிங்கப்பூரில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கரையோரப் பூந்தோட்டங்கள், மெர்லயன் முன்னால் ஒரு படம், கடைசியில் தேக்காவும் முஸ்தஃபாவும். பணத்தைத் தவிர அதில் வேறு குறை இல்லை.

இந்த மே மாதம் நாகப்பட்டினத்திலிருந்து வந்த எங்கள் கூட்டம் பதினொரு பேர். மூத்தவர் பெரியப்பா, வயது 83. கடைக்குட்டி என் தங்கை மகள், வயது 6. நான் அனுப்பிவைத்த நான்கு நாள் திட்டத்தை அண்ணன் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: “தஞ்சோங் பகார் என்னைக்குப்பா?”

ஏழு ஆண்டுகளாக என் அலுவலகம் அங்கேதான். நான் அறிந்த தஞ்சோங் பகார் என்பது மதிய வேளையில் கொரிய உணவகங்களின் வாசலில் நிற்கும் வரிசையும் 290 மீட்டர் உயர குவோக்கோ டவரும்தான். பெரியப்பாவின் தஞ்சோங் பகார் வேறு. பத்து வயதில், 1952ல், தன் தகப்பனாரோடு ‘ரஜுலா’ கப்பலில் வந்தவர். பதினெட்டு வயதிலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1973ல் ஊர் திரும்பியபோது அண்ணனுக்கு வயது மூன்று. அந்தப் பதின்மூன்று ஆண்டு உழைப்பு எங்கள் குடும்பத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும்: “பெரியப்பா சிங்கப்பூர்ல மூட்டை தூக்குனாங்க.” அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆகவே நான்கில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கினேன். சனிக்கிழமையாகப் பார்த்துக்கொண்டேன். வார நாட்களில் அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே பதினொரு பேரை மேய்ப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மேக்ஸ்வெல் ரோட்டில் உள்ள நகரக் காட்சிக்கூடம் மூடியிருக்கும்.

காலையில் முதலில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதைப் பிற்பகலுக்குத் தள்ளக்கூடாது. ராஃபிள்ஸோடு 1819ல் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை 1827ல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுப்பிய கோயில் இது. சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோயில். முதலில் அவருக்குத் தெலுக் ஆயரில்தான் இடம் கொடுத்தார்கள். பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே கிடைக்காததால் இங்கே மாறினார். நிலைத்து நிற்கும் கட்டடத்தை எழுப்பிய கைவினைஞர்கள் நாகப்பட்டினம், கடலூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொன்னேன். அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்த அண்ணன் மகன் நிமிர்ந்து கோபுரத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். “நம்ம ஊர்க்காரங்களா?” என்றான்.

அதே வரிசையில் சில அடி தள்ளி ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826ல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவியது. இன்றும் அங்கே தமிழில் குத்பா நடக்கிறது. பிற சமயத்தாரும் தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமாக உடுத்திக்கொண்டு சென்று பார்க்கலாம்.

அங்கிருந்து நகரக் காட்சிக்கூடம் ஐந்து நிமிட நடை. அனுமதி இலவசம். குளிர்சாதனம் உண்டு, கழிப்பறை சுத்தம், உட்கார இருக்கைகள் உண்டு. பெரியவர்களை அழைத்து வருபவர்களுக்கு இவை அருங்காட்சியகத்தைவிட முக்கியமானவை. நகரத்தையே சிறிதாக்கி வைத்தது போன்ற பெரிய மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அதன் கடலோரப் பக்கத்தில் நின்று, “இங்க எல்லாம் தண்ணில்ல இருந்துச்சு” என்றார்.

மதிய உணவு எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அங்கே தேர்வு குறைவு. பெரியம்மாவுக்காகக் காலையிலேயே தயிர்சாதம் கட்டி எடுத்துப் போயிருந்தேன். சக்கர நாற்காலியோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை நிழலானது, ஆனால் சமதளம் இல்லை. கடைக்குக் கடை படி ஏறி இறங்கும். பெரியப்பாவை நாங்கள் இரண்டு பேர் மாறி மாறித் தூக்கித்தான் கடந்தோம்.

தெலுக் ஆயர் ஸ்திரீட் ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை கப்பலில் வந்தவர்கள் கால் வைத்த இடம் அதுதான். பிழைத்து வந்ததற்கு நன்றி சொல்ல அவரவர் கடவுளுக்கு அங்கேயே இடம் அமைத்தார்கள். சீனர்கள் மாசோ அம்மனுக்குத் தியான் ஹொக் கெங் கோயில். தமிழ் முஸ்லிம்கள் ‘குச்சுப் பள்ளி’ என்று அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல், ஓலைக் குடிசையாகத் தொடங்கியது. வரிசையில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா, இப்போது மரபுடைமை நிலையம்.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு நாகூர் பக்கத்து ஊர். பெரியம்மா கந்தூரிக்கு ஆண்டு தவறாமல் போகிறவர். கடல் கடந்து வந்தும் அதே பெயரைப் பார்த்ததில் அவருக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் நான்கு நாள் பயணத்தில் அவர் தானாகக் கேட்டு எடுத்துக்கொண்ட ஒரே படம் அந்த வாசலில்தான்.

நான்கு மணிக்குப் பழைய ரயில் நிலையம். 1932ல் திறந்து 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை அனுப்பிய தஞ்சோங் பகார் நிலையம் இன்று தேசிய நினைவுச் சின்னம். கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். கன்டோன்மன்ட் எம்ஆர்டி நிலையப் பணிக்காகப் பல ஆண்டுகள் அடைத்திருந்த இடம் என்பதால் நாங்கள் வெளியில் நின்றே முகப்பைப் பார்த்தோம். வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என நான்கு வெள்ளைச் சிலைகள். துறைமுகத்துக்கு அருகிலேயே நிலையத்தைக் கட்டியதற்குக் காரணம் உண்டு. மலாயாவின் ரப்பரும் ஈயமும் ரயிலில் இறங்கிக் கப்பலில் ஏற வேண்டும். இடையில் அவற்றைச் சுமந்த தோள்களில் ஒரு ஜோடி எங்கள் சக்கர நாற்காலியில் இருந்தது.

கடைசியாக டக்ஸ்டன் பினக்கல். ஐம்பது மாடி வீவக குடியிருப்பு, 2009ல் கட்டி முடித்தது. ஐம்பதாவது மாடியின் வான்பாலத்துக்குச் சிறு கட்டணம் செலுத்தி யாரும் போகலாம். நாளுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால் கூட்டமாகப் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மின்தூக்கி உண்டு. மரினா பேயில் இதே காட்சிக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு என்பது என் கருத்து.

தெற்கே பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. 1972ல் ‘நிஹோன்’ என்ற கப்பல் முதன்முதலாகக் கொள்கலன்களோடு வந்து நின்றது இங்கேதான். அங்கிருந்து பெரியப்பா பேச ஆரம்பித்தார். கப்பலின் அடித்தட்டில் இறங்கி, வலையை விரித்து, மூட்டைகளை அடுக்கிக் கட்டிவிட்டால் மேலிருந்து விஞ்சு தூக்கும். வலை அறுந்தால் கீழே நிற்பவன் கதி அவ்வளவுதான். அப்படி ஒருவர் போனதைப் பார்த்திருக்கிறார். கூட வேலை செய்த சிநேகிதர். “அந்தப் பெட்டி வந்ததும் முப்பது பேர் வேலைக்கு மூணு பேர் போதும்னு ஆச்சு. நான் கெளம்பிட்டேன்” என்றார். அண்ணன் 55 வயதில் முதல்முறையாக அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நகர் ஓரத்து முனையங்கள் எல்லாம் 2027க்குள் துவாஸுக்கு மாற வேண்டும் என்பது திட்டம் என்று சொன்னேன். “இந்த எடத்த என்ன செய்வாங்க?” என்று கேட்டார் பெரியப்பா. வீடுகள் வரும் என்றேன். தலையாட்டினார்.

பிறகு செந்தோசாவுக்கு அப்பால் ஒரு தீவைக் கைகாட்டினார். செயின்ட் ஜான்ஸ். ரஜுலாவில் ஒருவருக்கு அம்மை கண்டதால் எல்லாரையும் அங்கே இறக்கி நாள் கணக்கில் அடைத்து வைத்தார்களாம். பத்து வயதுப் பையனாக அவர் சிங்கப்பூரில் முதலில் தூங்கியது அந்தத் தீவில்.

மறுநாள் யுனிவர்சலுக்கு ஒன்பது பேர்தான் போனோம். இரண்டு நுழைவுச்சீட்டு வீண். அண்ணனும் பெரியப்பாவும் மரினா சவுத் படகுத்துறைக்குப் போய் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு ஏறியிருந்தார்கள்.